தோடிக்கு ஒரு கத்தல்

சேஷகிரி தோடி ராகத்தில் மெல்ல இறங்கி, காந்தார ஸ்வரத்தைப் பிடித்து ஆட்டத் தொடங்கிய நேரத்தில் மகள் அனுஷா கத்தினாள்.

சாதாரணக் கத்தல் இல்லை. கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் முஷ்டி பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கிளப்பிய கத்தல். தொம்மலூர்ச் சந்து முனையில் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். சேஷகிரியின் காந்தாரம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சுருதிப் பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

"வித்யா! பாரு, இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டா!"

சமையலறையிலிருந்து வித்யாலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, மறுபடியுமா? சரி விடுங்க. பாட்டை நிறுத்திட்டுச் சாப்பிட வாங்க. ரசம் ஆறுது."

கத்தி முடித்த அனுஷா, ஒன்றுமே நடக்காதது போலக் கண்ணைத் திறந்தாள். செருப்புக்கூடப் போடாமல் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, கீழ்வீட்டு ஆம்ப்ரோஸின் நாயோடு விளையாடப் போய்விட்டாள். ஆம்ப்ரோஸ்தான் வீட்டுக்காரர். ஏதோ தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் வேலை.

சேஷகிரி தட்டின் முன்னால் உட்கார்ந்து ரசத்தைப் பார்த்தான். பசியே இல்லை.

"அடுத்த மாசம் ஸ்கூல் இன்டர்வியூ. அங்க போய் இப்படிக் கத்தினா என்ன ஆகும் தெரியுமா? நாற்காலிக்கு அடியில ஒளிஞ்சதுக்கே ஒரு பையனுக்கு சீட் இல்லைன்னுட்டாங்களாம்."

"அங்க கத்த மாட்டா" என்றாள் வித்யாலட்சுமி.

"எப்படிச் சொல்றே?"

"ஒரு நம்பிக்கைதான்."

நம்பிக்கையெல்லாம் சேஷகிரிக்கு ஒத்துவராது. வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவனுக்குச் சோதிக்கிற வேலை. இரண்டாயிரமாவது வருஷம் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த நள்ளிரவில் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பிப் படுத்துவிடுமா என்று கண்டுபிடிக்கும் பெரும்படையில் அவனும் ஒரு சிப்பாய். எதையும் நம்பாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்பது அவன் கட்சி.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவன் சோதிக்காமலே நம்பியிருந்தான். தன் குரலை.

இத்தனைக்கும் வேலூரில் பிறந்து வளர்ந்த காலத்தில் அவன் குளியலறையில்கூடப் பாடினவன் இல்லை. கம்பெனி குடும்ப விழாவில் யாரோ தள்ளிவிட்டு மேடையேறி நாலு வரி பாடினான். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். மேனேஜர் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று கைதட்டினார், கடைசியில் சாப்பாட்டு கான்ட்ராக்டருக்கும் தட்டினார் என்பது வேறு விஷயம். மறுநாளே சேஷகிரி சுருதிப் பெட்டி வாங்கினான். கேசட்டை ஓடவிட்டுப் பாடம் படித்தான். எடுத்த எடுப்பில் தோடி. ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைகால் கழுவியதும் உட்கார்ந்தால், சாப்பாடு வரைக்கும் தோடிதான்.

ஆரம்பத்தில் ஒருநாள் வித்யாலட்சுமி, "சுருதி கொஞ்சம் விலகுதோ?" என்று கேட்டுவிட்டாள். ஒரு வாரம் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் சங்கீதத்தைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. அவளும் கடைசியில் ரசிகையாகிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அனுஷாவின் கத்தல் தொடங்கியது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து.

குழந்தைகளின் நடத்தையை ஆராயும் டாக்டர் சங்கமித்ரா இந்திராநகரில் இருந்தார். சின்ன வயசு, பொறுமையான குரல். அனுஷா மூலையில் உட்கார்ந்து சமர்த்தாகக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ கெட்ட குழந்தை இல்ல சார்" என்றார் டாக்டர். "கத்தினா அவளுக்கு ஏதோ ஒண்ணு கிடைக்குது. அதான் கத்தறா. என்ன கிடைக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் நல்லபடியா நடந்துக்கும்போது அதைக் குடுத்துப் பழக்கலாம்."

சேஷகிரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "டெஸ்ட் பண்ணணும்!"

"ஆமா. சில குழந்தைக்கு அப்பா அம்மா தன்னைக் கவனிக்கணும். சில குழந்தைக்கு ஏதாவது பொருள் வேணும். சில குழந்தைக்குப் பிடிக்காததுலேர்ந்து தப்பிக்கணும். ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. ஒண்ணை மாத்தும்போது மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். சரி, அவ கத்தறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்?"

"ஒண்ணுமே நடக்காது டாக்டர். நான் பாடிட்டிருப்பேன், அவ்வளவுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வித்யாலட்சுமி, சுவரிலிருந்த ஒட்டகச்சிவிங்கிப் படத்தை வெகு கவனமாகப் பார்த்தாள்.

"பாட்டா? ரொம்ப நல்லது. குழந்தைங்களுக்கு சங்கீதம்னா உயிர்" என்றார் டாக்டர். பாவம், அவர் கேட்டதில்லை.

"கத்தினதுக்கு அப்புறம்?"

"கீழ்வீட்டு நாயோட விளையாடப் போயிடுவா."

மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை சேஷகிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சோதனைக்காரனுக்கு அது வேதவாக்கு. ஆகவே எதை மாற்றினாலும் தோடியை மட்டும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தான்.

முதல் சோதனை, கவனிக்காமல் இருப்பது. மறுநாள் சாயங்காலம் அவன் பாடினான். அனுஷா கத்தினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. கவனிக்காமல் விட்டால் கத்தல் முதலில் ஏறும், அப்புறம்தான் இறங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஏறியது. அவனும் ஏறினான். அவள் மேலே போனாள். அவன் தாரஸ்தாயிக்குத் தாவினான். அனுஷா மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்பதுபோல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போனது.

சுருதிப் பெட்டி அணைந்தது. சுருதி இல்லாமல் பாடுவது பாவம் என்று சேஷகிரி வாயை மூடினான். அனுஷாவும் மூடினாள். மெயின் ஸ்விட்ச் பக்கத்திலிருந்து வித்யாலட்சுமி மெழுகுவர்த்தியோடு வந்தாள். "இந்த ஊர்ல கரண்டை நம்பவே முடியலைங்க" என்றாள்.

காலையில் ஆம்ப்ரோஸ் படியேறி வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று சேஷகிரி நினைத்தான். இந்த வாடகைக்கு, காவிரித் தண்ணீரோடு, ஆபீஸ் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது.

"மன்னிக்கணும் ஆம்ப்ரோஸ். நேத்து குழந்தை கத்தினது உங்களுக்குத் தொந்தரவா..."

"கொழந்தையா? சேச்சே! கொழந்தை கத்துனா நம்மளுக்கு ஒண்ணும் பேஜார் இல்ல சார். நேத்து ரொம்ப நேரம் ஆயிடுச்சு, அதான். ஸ்வல்ப சீக்கிரமா கத்தி முடிச்சா பரவால்ல."

குழந்தை சீக்கிரம் தூங்க வேண்டுமே என்று இவருக்குத்தான் எவ்வளவு அக்கறை! சேஷகிரிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

அடுத்த சோதனை, பொருள். பாடும்போது அவள் முன்னால் ஒரு தட்டு நிறைய க்ரீம் பிஸ்கட் வைத்தான். "கத்தாம இருந்தா எல்லாம் உனக்குத்தான்." அனுஷா தட்டைப் பார்த்தாள். "பிஸ்கட் வேணாம்ப்பா" என்று மரியாதையாகச் சொல்லித் தள்ளி வைத்தாள். பிறகு கத்தினாள்.

வேலையிலிருந்து தப்பிக்கத்தான் கத்துகிறாளோ என்று பொம்மைகளைக் கூடையில் எடுத்து வைக்கச் சொல்லிப் பாடினான். பொம்மையை வைத்துக்கொண்டே கத்தினாள். ஒரு வேலையும் கொடுக்காமல் பாடினான். சும்மா உட்கார்ந்து கத்தினாள்.

"நாய்!" என்று துள்ளினான் சேஷகிரி. "கத்தினா நாயோட விளையாடலாம்னு நெனைக்கறா. நாயே இங்க இருந்தா எதுக்குக் கத்தப்போறா?"

"நாயை மேல கொண்டு வரணுமா?" வித்யாலட்சுமியின் முகம் ஒருமாதிரி ஆனது.

ஆம்ப்ரோஸின் நாய் ஜிம்மி, வயசான பொமரேனியன். யாருடைய வம்புக்கும் போகாது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து அனுஷாவின் மடியில் உட்காரவைத்துவிட்டு சேஷகிரி தொடங்கினான். கொஞ்ச நேரம் ஜிம்மி காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு சகித்துக்கொண்டது. காந்தாரம் ஆடியதும் கழுத்தை நிமிர்த்தி, "ஊ...ஊ..." என்று ஊளையிட்டது. உடனே அனுஷா சேர்ந்துகொண்டாள். தெருவிலிருந்த நாய்கள் பதில் கொடுத்தன. எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தினாள்.

"பாத்தியா வித்யா, நாய்க்குக்கூட சுருதி சேருது!"

"அதுக்கு நல்லாச் சேருது" என்றாள் வித்யாலட்சுமி.

எல்லாச் சோதனையும் தோற்றபின் அவன் ஆபீஸிலிருந்தே டாக்டருக்கு ஃபோன் போட்டான்.

"எதுக்குமே அசைய மாட்டேங்கறா டாக்டர்."

"சரி, கத்தலை விட்டுடுங்க. அமைதியைப் பிடிங்க. எப்பல்லாம் அமைதியா இருக்காளோ அப்ப உங்க வீட்ல இருக்கறதுலேயே உசத்தியான ஒண்ணைப் பரிசாக் குடுங்க. ஒரு விஷயம் முக்கியம். அந்த நிமிஷமே குடுக்கணும். தள்ளிப்போட்டா பலன் இல்ல."

வீட்டில் இருப்பதிலேயே உசத்தி எது? ஆபீஸ் பஸ்ஸில் மாரத்தஹள்ளி வரும்வரைக்கும் யோசித்தான். பீரோவில் ஒரு சங்கிலி இருக்கிறது, அது பாங்குக்குப் போய்ப் போய் வருகிறது. டி.வி. பழசு. மாரத்தஹள்ளிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது பளிச்சென்று விடை கிடைத்தது.

அன்றிலிருந்து அனுஷா எப்போது அமைதியாக இருந்தாலும் தோடி பரிசாக வந்தது. படம் வரைந்துகொண்டிருந்தாள், தோடி. ஜடை பின்னிக்கொள்ளச் சமர்த்தாக உட்கார்ந்தாள், தோடி. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தோடி. ஒவ்வொரு தோடிக்கும் ஒரு கத்தல், ஒவ்வொரு கத்தலுக்கும் படியில் தடதட. குழந்தைக்குத் தொண்டை கட்டியது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. ஆம்ப்ரோஸ் தூக்கமில்லாமல் கேட்டில் சாய்ந்துகொண்டு நின்றார். வித்யாலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இன்டர்வியூ வரைக்குமாவது பாட்டுக்கு லீவு விடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பரிசை நிறுத்தினா நல்ல நடத்தை நின்னுடும் வித்யா."

"எந்த நல்ல நடத்தைங்க?"

"வரும்" என்றான் சேஷகிரி.

இன்டர்வியூ அன்று ஆட்டோவில் ஏறும்போதே வித்யாலட்சுமி கண்டிப்பாகச் சொன்னாள். "நீங்க அங்க வாயே திறக்கக் கூடாது. அவ கத்த மாட்டா. அதுக்கு நான் கேரண்டி."

பிரின்சிபால் வேதநாயகி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். மேசையில் ஒரு ஜாடி நிறைய சாக்லேட், பக்கத்தில் ஒரு பிரம்பு. எது யாருக்கு என்று தெரியவில்லை. இந்த விண்ணப்பத்துக்காக சேஷகிரி இருட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இந்த ஒரு சீட் கிடைக்க வேண்டும் என்று அவன் வேண்டாத சாமி பாக்கியில்லை.

அனுஷா அசத்தினாள். சிவப்பு எது, பச்சை எது என்று காட்டினாள். யானையைத் தமிழிலும் சொன்னாள், கன்னடத்திலும் சொன்னாள், இங்கிலீஷிலும் சொன்னாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "டெஸ்ட் பண்றார்" என்றாள். கேள்வி முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு அழகாக உட்கார்ந்தாள்.

வேதநாயகியின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அமைதியான குழந்தை!"

அமைதி! சேஷகிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். இதற்காகத்தானே இத்தனை நாளும் காத்திருந்தான்! அந்த நிமிஷமே கொடுக்கணும், தள்ளிப்போட்டா பலன் இல்ல. அவன் மார்பு விரிவதைப் பார்த்து வித்யாலட்சுமி அவன் முழங்கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். முடியவில்லை. பிரின்சிபால் அறையில் தோடி புறப்பட்டுவிட்டது.

வெளியே நின்ற பியூன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அவசரமாக மூடினான். வேதநாயகி கண்ணாடியைக் கழற்றினார். சேஷகிரி கண்ணை மூடிக் காந்தாரத்தைத் தொட்டான்.

அனுஷா கத்தினாள்.

தோடி நின்றது. ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த நிசப்தத்தில் அனுஷா எழுந்து மேசையருகே போய், பிரின்சிபாலிடம் உள்ளங்கையை நீட்டினாள். என்ன செய்வதென்று தெரியாத வேதநாயகி ஜாடியைத் திறந்து ஒரு சாக்லேட்டை வைத்தார்.

"தேங்க்யூ மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள் குழந்தை.

வேதநாயகி மெதுவாகக் கேட்டார். "எத்தனை நாளா இப்படி?"

"ஆறு மாசமாக் கத்தறா மேடம்" என்றான் சேஷகிரி.

"நான் குழந்தையைக் கேக்கல."

சேஷகிரிக்குக் காது மடல் சூடானது.

வேதநாயகி வித்யாலட்சுமியைப் பரிவோடு பார்த்தார். "சீட் தர்றோம்மா. குழந்தை பகல்லயாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்."

ஆட்டோவில் திரும்பி வரும்போது சீட் கிடைத்த சந்தோஷத்தைக்கூட அவனால் அனுபவிக்க முடியவில்லை. பெற்ற பெண்ணுக்கே தன் பாட்டு பிடிக்கவில்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை நாளும் கத்தியிருக்கிறாள். டாக்டர் சொன்ன காரணத்தில் அதுவும் ஒன்றாயிற்றே, தனக்கு ஏன் தோன்றவே இல்லை? வீட்டுக்கு வந்ததும் சுருதிப் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டான். நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

சாயங்காலம் வித்யாலட்சுமி சீட் கிடைத்ததற்காகப் பாயசம் வைத்தாள். சமையலறையில் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவனுக்குக் கேட்டது. சுருதி சுத்தமாக இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சல்.

அனுஷா வந்து அவன் முழங்காலைத் தட்டினாள். "அப்பா, இன்னிக்குப் பாடலையா?"

"வேணாம் கண்ணு. உனக்குத்தான் பிடிக்காதே."

"யார் சொன்னா? எனக்குப் பிடிக்கும்ப்பா! நீ பாடினாத்தானே நான் கத்த முடியும்?"

சேஷகிரியின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. பிடிக்கும்! ஏணி போட்டுச் சுருதிப் பெட்டியை இறக்கினான். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பாடினான். அவளும் அவன் மார்பில் சாய்ந்துகொண்டு, தலையை ஆட்டி ரசித்துக் கேட்டாள். அவனுக்குக் கண் கலங்கியது. காந்தாரம் வந்தது. அனுஷா அவன் காதருகிலேயே ஒரு கத்துக் கத்திவிட்டு, மடியிலிருந்து குதித்துக் கீழே ஓடினாள்.

பிடிக்கும் என்றவள் எதற்குக் கத்துகிறாள்? சேஷகிரி முதல்முறையாக அவள் பின்னாலேயே படியிறங்கினான்.

கீழே வாசலில் ஆம்ப்ரோஸ் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார். அக்குளில் ஒரு தகர டப்பா. அதைக் கவிழ்த்து, கடைசியாக இருந்த சாக்லேட்டை நீட்டிய உள்ளங்கையில் வைத்தார். "ஷாபாஷ் பாப்பா! இன்னிக்கு சீக்கிரமா முடிச்சுட்டே!"

"ஆம்ப்ரோஸ்!"

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தார். அனுஷா சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு ஜிம்மியின் பின்னால் ஓடி மறைந்தாள்.

"நீங்களா? நீங்கதானா?"

"கோச்சுக்காதீங்கோ சார். நம்மளுது நைட் ஷிஃப்ட். சாயந்தரம்தான் தூக்கம். கொழந்தை கத்துனா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடுது. நீங்கோ பாடுனா முடியறதே இல்ல."

"அதுக்காகப் பச்சைக் குழந்தைக்கு லஞ்சம் குடுத்துப் பழக்குவீங்களா? நான் டாக்டர்கிட்ட அலைஞ்சு, டெஸ்ட் பண்ணி, ஸ்கூல்ல அவமானப்பட்டு... நாய்க்கும் நீங்கதான் பழக்கினீங்களா?"

"சத்தியமா இல்ல சார். நாய்க்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. அது தானாத்தான் ஊளை விட்டுச்சு."

சேஷகிரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இந்த வீடே வேணாம்! காவிரித் தண்ணியும் வேணாம்! இப்பவே போய் வித்யாகிட்ட சொல்றேன். விஷயம் தெரிஞ்சா அவ உங்களைச் சும்மா விடமாட்டா!"

ஆம்ப்ரோஸ் ஒரு நிமிஷம் அவனைப் பாவமாகப் பார்த்தார். பிறகு அந்தத் தகர டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்தார்.

"அப்போ மேல போறப்ப இந்தக் காலி டப்பாவையும் அவங்ககிட்ட குடுத்துடுங்கோ சார். ரொப்பித் தர்றேன்னு நேத்தே சொன்னாங்கோ."